ஆறரை இஞ்ச்சின் டிரம்மர்

எங்கள் அலுவலகம் கப்பலேற்றும் முட்டைகள் எல்லாம் நாமக்கல்லிலிருந்து வருபவை. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு பதினாறு வருடமாக அவை போகும் கன்டெய்னர் குளிர்பெட்டிகளுக்கு ஏற்றுமதிக் காகிதம் தயார் செய்கிறேன். போன மாதம் இரண்டு பெட்டிகளின் உள்ளே சூடு கூடியிருந்தது என்று வாங்கியவர்கள் புகார் எழுதினார்கள். அடுத்த பெட்டி ஏற்றும்போது யாராவது நேரில் நிற்க வேண்டும் என்று முடிவானது. மேலாளர் என்னைப் பார்த்தார். "நீ அந்தப் பக்கம்தானம்மா படிச்சே? அந்த ஊர்ப் பாஷை தெரியும்லா? போயிட்டு வா."

பாஷை தெரியும். ஆனால் அது பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், விடுதிச் சமையல்காரர் "கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்று கேட்டபோது, என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து அழுதேன். எங்கள் ஊரில் பதினேழு வயதுப் பெண்ணிடம் யாரும் அப்படி 'ங்க' போட்டுப் பேச மாட்டார்கள். இந்தத் தடவை நாமக்கல்லில் இறங்கியதும் என் காதில் விழுந்தது ஒரு சண்டை. பேருந்து இருக்கைக்காக இரண்டு ஆண்கள்.

"ஏனுங்க, துண்டு போட்டு எடம் புடிச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க உக்காந்தேன். இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

இருபது வருடத்தில் ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. சண்டையில் இருக்கும் மரியாதை அப்படியே இருந்தது.

முட்டை வேலை முதல் நாள் காலையிலேயே முடிந்துவிட்டது. ஏற்றுகிற ஆட்கள் டீ குடிக்கப் போகும்போது பெட்டியின் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். சூட்டுக்குக் காரணம் அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்கத் தூத்துக்குடியிலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது. மேலாளர் மூன்று நாள் கொடுத்திருந்தார். மீதியை நான் எனக்கென்று வைத்துக்கொண்டேன். பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர்: தனபால், குமரேசன்.

கல்லூரியில் நாங்கள் மூவரும் ஒரு ராக் குழு. அந்த நாட்களில் சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் கல்லூரிக்கு ஒரு குழு முளைத்திருந்தது. சேலத்துப் பையன்கள் 'லோ வோல்டேஜ்', ஈரோட்டுக்காரர்கள் 'நாலு அரியர்' என்று பெயர் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரியில் விழா என்றாலும் வந்து மோதுவார்கள். எல்லோருக்கும் ஒலிபெருக்கி கட்டியவர் ஒரே ஆள். கோயில் நோம்பி, திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர். கிதார் அலறினால் செட் பழுதாகிவிட்டது என்று பதறி ஓடிவந்து சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

எங்கள் குழுவின் பெயர் 'ஆறரை இஞ்ச்'. வைத்தவன் குமரேசன். அவன் அப்பாவிடம் போர்வெல் போடும் ரிக் லாரி இருந்தது. ஆழ்துளைக் கிணற்றின் வாய் ஆறரை இஞ்ச் அகலம். அவன் டிரம்ஸ். கிதாரும் பாட்டும் தனபால், எருமப்பட்டிக்காரன். தேவாலயப் பாடல் குழுவில் கிதார் கற்றிருந்த நான் பேஸ் கிதார்.

ஒரு பெண்ணைப் பையன்களோடு ஊர் ஊராக அனுப்ப விடுதிக் காப்பாளர் எப்படிச் சம்மதித்தார் என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். காரணம் தனபாலின் அப்பா. கோழிப்பண்ணை வைத்திருந்தார். ஒவ்வொரு போட்டிக்கும் தன் முட்டை வேனில் டிரம்ஸை ஏற்றி, இடிக்காமல் இருக்க முட்டை அட்டைகளைச் செருகி, என்னை முன்னால் உட்காரவைத்து அவரே ஓட்டிவருவார். விடுதிப் பதிவேட்டில் 'உறவு' என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதுவார். "உங்க பொண்ணுங்களா?" என்று காப்பாளர் கேட்டால், முகம் மாறாமல் "ஆமாங்க" என்பார். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அவர் ஊரடங்குக் காலத்தில் இறந்தார். பேருந்து ஓடாத நாட்கள். என்னால் போக முடியவில்லை. போனில் தனபாலோடு அழுததோடு சரி.

எருமப்பட்டியில் தனபால் பைக்கோடு நின்றிருந்தான். தலை பாதி நரைத்து, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. "என்னம்மிணி, கெழவியாயிட்ட?" என்றான். நானும் பதிலுக்குச் சொன்னேன். வீட்டில் அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு "வா சாமி, உள்ள வா" என்று கூட்டிப்போய் உட்காரவைத்தார். அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த சோறு, மேலே நெய், பக்கத்தில் தயிர். எங்கள் ஊரில் மதியச் சோற்றுக்கு மீன் இல்லையென்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். விடுதிக் காலத்தில் இந்தச் சோற்றைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் இருக்கும். இப்போது இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்துச் சுவரிலிருந்த அப்பாவின் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தனபாலிடம் சொன்னேன்: "நாளைக்குக் குமரேசனைப் பாக்கப் போறேன். நீயும் வா."

"அவம் பேச்ச எடுக்காத, ஜெனி."

மூவரும் பேசிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அதிலிருந்து தனபால் ஒரு நாள் விலகினான். வேலை அதிகம் போல என்று நினைத்தேன். குமரேசனோ போன் செய்தால் எடுப்பதே இல்லை. "அப்பறம் பேசறேன்" என்று எழுதி அனுப்புவான். பேச மாட்டான். வயது ஏறினால் எல்லோரும் இப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

"என்னல நடந்துச்சு?"

தனபால் தோட்டத்துப் பக்கம் பார்த்தபடி சொன்னான். "அப்பா போன அன்னிக்கு மொதல்ல கூப்புட்டது அவனத்தான். அவன் ரிக்கோட சத்தீஸ்கர்ல இருந்தான். வர முடியாதுன்னு தெரியும். குரலாச்சும் கேக்கலாம்னு கூப்புட்டேன். 'அப்பா போயிட்டாருடா'ங்கறேன். 'சரி சரி, நல்லதுடா, அப்பறம் பேசறேன்'னு வெச்சுட்டான்."

"என்னது?"

"நல்லதுன்னான், ஜெனி. எங்கப்பா செத்ததுக்கு."

 குமரேசன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. என்னிடமும் அவன் வருடக்கணக்கில் பேசவில்லையே என்ற நினைவு அதைத் தடுத்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை திருச்செங்கோட்டில் இறங்கினேன். மலை கண்ணில் பட்டதும் பழைய தேர்வு நாட்களின் பயம் வந்து போனது. சாலையோரமெங்கும் ரிக் லாரிகள். எங்கள் ஊரில் கடற்கரையில் படகுகளை ஏற்றி வைத்துச் சரிபார்ப்பதுபோல், இங்கே அவற்றின் நீண்ட கம்பங்களைப் படுக்கவைத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள்.

குமரேசன் வாசலுக்கே வந்து "வா, வா, வா" என்று என் பையை வாங்கிக்கொண்டான். பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. ரிக், டீசல், சத்தீஸ்கர் வெயில், பீகாரில் ஒரு பாறை. நடுவில் நான், "மகள் என்ன படிக்கா?" என்று கேட்டேன். "அட, அங்கெல்லாம் மழையே இல்ல" என்றான். இன்னொன்று கேட்டேன். அதற்கும் சம்பந்தமில்லாத பதில். தனபால் சொன்னது சரிதான், இவன் மாறிவிட்டான் என்று மனதில் ஒரு கசப்பு ஏறத் தொடங்கியது. அவன் மனைவி சசிகலா காபி டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"இரு, உனக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன்" என்று குமரேசன் போனை ஒரு சிறிய ஸ்பீக்கரில் இணைத்தான். எங்கள் பாட்டு. நாங்கள் பதிவு செய்த ஒரே பாட்டு. நாமக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கிறவரின் ஸ்டுடியோவில் ஒரு மதியத்தில் பதிந்தது. 'எத்தனை அடி' என்று தலைப்பு. தண்ணீரைப் பார்த்து, நீ எத்தனை அடியில் இருக்கிறாய் என்று கேட்பதாகத் தனபால் எழுதியிருந்தான். இருபத்தோரு வயதுக் குரலில் தனபால் பாட, குமரேசனின் சிம்பல் சில்லென்று விழ, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குமரேசன் உதட்டைப் பிதுக்கினான். "பாத்தயா? ஃபைல் கெட்டுப்போச்சு. உன்ற பேஸ் மட்டும் கும்முனு நிக்குது. தனபாலு வாயில துணிய வெச்சுட்டுப் பாடறவனாட்ட இருக்கறான். என்ற சிம்பல் ஒண்ணுகூட வல்ல. உங்கிட்ட நல்ல ஃபைல் இருந்தா அனுப்பு."

ஸ்பீக்கரில் எல்லாமே துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவருகே சசிகலா வந்து நின்றிருந்தாள். "ஃபைல் நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்றாள். "இவருக்குத்தான் காது போயிட்டிருக்குது. அஞ்சாறு வருசமாச்சு. ரிக்குக் கம்ப்ரஸர் பக்கத்துலயே நின்னு நின்னு. போனுன்னா சுத்தமாக் கேக்காது. வண்டியில எல்லாரும் கையக் காட்டித்தான் பேசறாங்க, அங்க யாருக்கும் தெரியல. ஊட்லதான் தெரியுது. புள்ள ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டு, வுடுங்கப்பான்னு போயிர்றா. டாக்டருகிட்டப் போலாம்னா, எனக்கு நல்லாக் கேக்குதுங்கறாரு."

"என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டான் குமரேசன். பாட்டு நின்றிருந்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் வாயைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"போன்ல கூப்புட்டா என்னங்க சொல்லுவாரு?" என்று சசிகலாவைக் கேட்டேன்.

"பாதிப் போன எடுக்கவே மாட்டாருங்க. எடுத்தா யாருக்கும் ஒண்ணேதானுங்க. 'சரி சரி, நல்லது, அப்பறம் பேசறேன்.'"

அதை அவனிடம் கத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் போனை எடுத்துத் தட்டினேன். அப்பா இறந்த அன்று தனபால் போனில் சொன்னதையும், அதற்கு இவன் சொன்ன பதிலையும் இரண்டே வரியில் எழுதிக் கையில் கொடுத்தேன்.

வாசித்தான். மறுபடி வாசித்தான். அவன் முகத்தை அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"அவரு செத்தது எனக்கு ஆறு மாசங் கழிச்சுத்தான் தெரியும்" என்றான். "டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு. நமக்கு ஒரு வார்த்த சொல்லலயேன்னு நெனச்சேன். குரூப்ப விட்டும் போயிட்டான். நானா கூப்புட்டுக் கேக்கக் கூடாதுன்னு…" நிறுத்தினான். "அன்னிக்கு அவன் கூப்புட்டது ஞாபகமிருக்குது. சைட்ல நின்னேன். என்னமோ சொன்னான். வழக்கமாச் சொல்றதச் சொன்னேன்."

அடுத்த பத்து நிமிடத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். "எருமப்பட்டிக்குப் போலாம். அவனுக்குப் போன் பண்ணாத. வேண்டாம்பான்." கார் சாவியைச் சசிகலா தரவில்லை. பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் போன மாதம் மயிரிழையில் தப்பியிருக்கிறான். பேருந்தில் கிளம்பினோம்.

நாமக்கல் போவதற்குள் பேருந்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பெல்ட் அறுந்துவிட்டதாம். எல்லோரும் இறங்கி ஒரு புளியமரத்தின் கீழே நின்றோம். நடத்துநர், "அடுத்த வண்டி இப்ப வந்துருமுங்க" என்று கால் மணிக்கு ஒரு தடவை சொன்னார். குமரேசனின் சட்டைப் பையில் ரிக்கின் பெயர் தைத்திருந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"ரிக்குக்காரருங்களா? எங்க தோட்டத்துல ஆயிரம் அடி போட்டுட்டோமுங்க. சொட்டுத் தண்ணி வல்ல. தென்னையெல்லாம் காஞ்சு போச்சுங்க."

"சரிங்க, நல்லதுங்க" என்று சிரித்தான் குமரேசன்.

பெரியவரின் முகம் சுருங்கியது. மரத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். குமரேசன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன சொன்னாரு?"

சொன்னேன். மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்து. குமரேசன் அவரிடம் போய்க் கும்பிட்டான். "எனக்குக் காது கேக்காதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான். அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சசிகலா எனக்கு எழுதினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தனபால் வெங்காயப் பட்டறையில் இருந்தான். மூங்கில் தட்டி கட்டிக் காற்றாட வெங்காயத்தைக் குவித்து வைக்கிற இடம். அழுகலைப் பொறுக்கிக்கொண்டு நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குமரேசனைப் பார்த்ததும் தனபால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். "எதுக்குக் கூட்டியாந்தே?" என்றான் என்னிடம்.

"திரும்பிப் பாத்துப் பேசு. அவனுக்குக் காது கேக்காது."

"நடிக்கறானா?"

"அஞ்சாறு வருசமாக் கேக்கலை, தனபால். அன்னைக்கு நீ சொன்னதும் கேக்கலை."

தனபால் மெதுவாகத் திரும்பினான். கையில் ஒரு வெங்காயம் இருந்தது. குமரேசன் அவனுக்கு எதிரே வந்து நின்றான்.

"அன்னிக்குப் போன்ல என்ன சொன்னயோ, அத இப்பச் சொல்லு."

தனபால் முணுமுணுத்தான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கல."

"அப்பா போயிட்டாரு."

"கேக்கலடா."

"எங்கப்பா போயிட்டாருடா!" என்று தனபால் கத்தினான். ஒரு காலத்தில் மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசிவரை போன குரல் அது. பெண்கள் கையை நிறுத்தினார்கள். அவன் அம்மா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

குமரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எப்படிடா?" என்று கேட்டான். "என்னடா ஆச்சு?" அன்றைக்குத்தான் சேதி கிடைத்தவன் கேட்பதுபோல் கேட்டான். தனபாலின் வாயிலிருந்து அவனுக்கு அது அன்றைக்குத்தான் கிடைத்தது. தனபாலும் எதிரே உட்கார்ந்தான். மூச்சுத் திணறல் தொடங்கிய நாளிலிருந்து, ஆஸ்பத்திரியில் இடம் தேடி அலைந்தது, நான்கு பேர் மட்டும் நின்று எரித்தது வரை ஒன்றையும் விடாமல், முகத்துக்கு நேராக, உரக்கச் சொன்னான். அரை மணி நேரம் இருக்கும். குமரேசன் தேம்பித் தேம்பி அழுதான். பாதியில் தனபாலும். நான் அவர்களை விட்டு அம்மாவிடம் போய் நின்றேன். "நாலு வருசமா எம் பையன் இதை யாருகிட்டயும் இப்படிச் சொல்லல, சாமி" என்றார் அவர்.

மூன்றாம் நாள் சேலத்தில் ஒரு காது பரிசோதனை நிலையம். குமரேசனும் சசிகலாவும் வந்தார்கள். "செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெங்காயம் போட வாரேன், அப்படியே எட்டிப் பாக்கறேன்" என்று சொல்லியிருந்த தனபால் எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெங்காயம் காலையிலேயே இறங்கிவிட்டதாம்.

கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறைக்குள் குமரேசனை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். தொடக்கத்தில் சரியாக அழுத்தினான். பிறகு விரல் நின்றுவிட்டது. பரிசோதனை செய்த பெண் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். உள்ளே அவன், தேர்வு அறையில் கேள்வித்தாள் வராதவன்போல், காத்துக்கொண்டே இருந்தான். டிரம்ஸில் ஒரு நொடி பிசகாமல் குச்சியை இறக்கியவன். தனபால் எழுந்து வெளியே போய்விட்டான்.

"கீழ் சுருதியெல்லாம் கேக்குது. மேல போகப் போகத்தான் இல்ல" என்றாள் அந்தப் பெண். போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம், மெஷின் பக்கம் போனால் காதை மூடித்தான் ஆக வேண்டும் என்றாள். ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லி இரண்டு சிறிய கருவிகளை அவன் காதில் பொருத்தினாள். குமரேசன் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். பிறகு மேலே பார்த்து, "இந்த ஃபேன் இப்படியா கத்தும்?" என்று கேட்டான். சசிகலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவன் சட்டென்று திரும்பினான்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், காரட், சட்னி. தூத்துக்குடியில் மக்ரூன் என்ற முந்திரி இனிப்பு வாயில் வைத்தால் சத்தமில்லாமல் கரையும். இது அதற்கு நேரெதிர். ஒரு கடி கடித்ததும் குமரேசன் பதறிக் காதைப் பொத்தினான். "பல்லுக்குள்ள ரிக்கு ஓடறாப்பல இருக்குதுடா!" தனபால் சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். மூட்டை இறக்குகிறவர்கள், ஆட்டோக்கள், ஹாரன்கள் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் குமரேசன் தலை திரும்பியது. இரைச்சல் தாங்காமல் இரண்டு தடவை கருவியைக் கழற்றினான். இரண்டு தடவையும் தனபால் கையை நீட்டி வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தான்.

மதியப் பேருந்துக்கு மூவரும் ஏற்றிவிட வந்தார்கள்.  இனி மாதம் ஒரு தடவையாவது பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். நடக்குமா, தெரியாது. வண்டி நகர்ந்ததும் நான் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏல குமரேசா, டாக்டர் சொன்னதைக் கேளு! காதை மூடாம மெஷின் பக்கம் போவாத!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து குமரேசன் கையை உயர்த்தினான்.

"கத்தாத, ஜெனி. கேக்குது."